கதவைச் சாத்தச் சொன்னவர்

1

இந்த வாரத்தோடு நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் வீட்டில் கேசரி கிண்டுவேன். இந்த வருஷம் கிண்டவில்லை. ஏன் என்று ஊரிலிருந்து தங்கச்சி கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்கு எழுத ஆரம்பித்தது உங்கள் எல்லாருக்குமாக நீண்டுவிட்டது.

எனக்குப் பரளச்சிப் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும், பெய்யாவிட்டால் வெறும் கரிசல். பிளஸ் டூவுக்கு அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்துநாலு வருஷம். பென்சில்வேனியாவில் ஒரு சின்ன டவுன். வீட்டுக்காரர் மருந்து கம்பெனியில் இருக்கிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிய உணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே பெண், யாழினி, கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்ததால் அதுவும் சரளமாக வரும். தமிழ் மட்டும் காதோடு நின்றுவிட்டது.

குடியுரிமை நேர்காணலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த நாட்டின் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். நம்மூர்ப் பழக்கத்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இல்லையா?" என்று கேட்டார். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "ஆமாம், ஆமாம், ஆமாம்" என்று மூன்று தடவை சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் ஒரு தலையாட்டலில் ஒருவருடைய வாழ்க்கை அந்தப் பக்கம் விழுந்துவிடலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. தெரிந்தும்தான் பின்னால் நான் அதைச் செய்தேன்.

2

எங்கள் பிளஸ் டூ வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நாற்பது பேர். பெரும்பாலும் அருப்புக்கோட்டை, மதுரை, சென்னை. அமெரிக்காவில் நாங்கள் இரண்டே பேர்: நானும் கதிரேசனும்.

கதிரேசன் பந்தல்குடிக்காரர். தூத்துக்குடி ரோட்டில் அவருடைய அண்ணன் லாரி டயர் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கதிரேசன் கணக்கில் முதல் ஆள். படிக்கிறபோது நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போது பையன்களோடு யார் பேசினோம்? குழுவில்தான் முதன்முதலாக, "நல்லா இருக்கீங்களா ராணி" என்று எழுதினார். நியூ ஜெர்சியில் இருப்பதாகச் சொன்னார். காலையில் எழுந்ததும் அங்கே என்ன வெயில், என்ன பனி என்று ஒரு படத்தோடு போடுவார். ஊர்க்காரர்கள் ரசிப்பார்கள். ஒருமுறை வகுப்புத் தோழி ஒருத்தி தன் மகன் படிக்க வரப்போவதாகச் சொன்னபோது, "எப்ப வேணாலும் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று தெரு, கட்டட எண், வீட்டு எண் உட்பட எழுதியிருந்தார்.

தேர்தல் வந்தது. அந்த வேட்பாளரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் டீக்கடையில்கூட அவரைப் பற்றிச் சண்டை நடந்ததாகக் கேள்விப்பட்டேன். வெளியிலிருந்து வந்தவர்களை ஒருவர் விடாமல் அனுப்புவேன் என்று அவர் மேடை மேடையாகப் பேசினார். நான் கோபத்தில் குழுவில் நாலு வரி எழுதினேன். ஐந்தாவது நிமிஷம் கதிரேசனிடமிருந்து பதில்.

"அவரு சொல்றதுல என்ன தப்பு? நாம முறையா வரிசையில நின்னு வந்தோம். சுவரேறிக் குதிச்சவனுக்கும் நமக்கும் ஒரே மரியாதையா? கதவச் சாத்தணும் மேடம்."

அந்த "மேடம்" என்னைச் சுட்டது. நான் எழுத, அவர் எழுத, வாரக்கணக்கில் போனது. எங்கள் பள்ளியில் சாப்பிட வருகிற பிள்ளைகளைப் பற்றி எழுதினேன். அந்தப் பேச்செல்லாம் தொடங்கின பிறகு சில பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எண்ணி எடுத்து வைத்த தட்டுகள் மிஞ்சின. ஒரு வியாழக்கிழமை பதினேழு தட்டு. யாரும் விடுப்பு எழுதித் தரவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. நாற்காலிகள் மட்டும் காலியாக இருந்தன. அதற்குக் கதிரேசன், "பிள்ளைக போயிட்டா தட்டு வைக்கிற வேலை போயிரும்னு பயமா?" என்று எழுதினார்.

யாழினி அந்தச் சண்டையை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்திருக்கிறாள். குழுவில் ஊர்க்காரர்கள் கதிரேசனை மரியாதையாக "அவுக" என்றுதானே எழுதுவார்கள். செயலி அதைப் பலபேர் என்று எடுத்துக்கொண்டது. "அம்மா, எத்தனை பேர் உன்னோடு சண்டை போடுகிறார்கள்?" என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒரே ஆள்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

3

வாக்குப்பதிவு அன்று இங்கே ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் கொடுப்பார்கள். கதிரேசன் தன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போட்டார். அதில் ஒரு பழம் இருந்தது. அந்தப் பழம் தெற்கே இருக்கிற வேறு ஒரு மாநிலத்தின் சின்னம். நியூ ஜெர்சிக்காரர் கையில் அது எப்படி வரும்?

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். எதிலும் அவர் முகம் இல்லை. ஸ்டிக்கரும் வேறு யாருடையதோ, இந்த ஆளுக்கு ஓட்டே இல்லை. ஓட்டு இல்லையென்றால் குடியுரிமை இல்லை. ஒருவேளை விசா காலமே முடிந்துபோய், பதுங்கிக்கொண்டு, தன்னைப் போன்றவர்களையே விரட்டச் சொல்கிறார். இப்படி நானே கணக்குப் போட்டு முடித்தேன்.

டிசம்பரில் யாழினி, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஆதரவான ஓர் ஊர்வலத்துக்குப் போனாள். அந்தப் படத்தைப் பெருமையாகக் குழுவில் போட்டேன். கதிரேசன் எழுதினார்: "இந்தப் பிள்ளையையும் சேத்து அனுப்பணும்."

மறுநாள் காலை பத்து மணி இடைவேளை. பள்ளிக்கூடத்தில் எங்கள் கோட்டுகளைத் தொங்கவிடுகிற சின்ன அறையில் உட்கார்ந்து, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறவர்களைப் பற்றித் தகவல் கொடுக்கிற அரசாங்கப் பக்கத்தைப் போனில் திறந்தேன். பெயர் கேட்டது, எழுதினேன். முகவரி கேட்டது. அவரே குழுவில் போட்டிருந்ததைப் பார்த்து எழுதினேன். கொடுப்பவர் யார் என்பதை எழுதினாலும் எழுதலாம், விட்டாலும் விடலாம் என்றிருந்தது. விட்டுவிட்டேன். அனுப்பிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு மக்ரோனி பரிமாறப் போனேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

கோபம் ஒரு வாரத்தில் அடங்கியது. அடங்கினதும் செய்தது என்னவென்று உறைத்தது. கதிரேசனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை நேர்ல வாரேன், பேசித் தீத்துக்கிருவோம்" என்று குழுவிலேயே எழுதினேன். அன்றைக்கே அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். சனிக்கிழமை எனக்குப் போகத் துணிவு வரவில்லை. பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து நின்றது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும்?

4

தை மாதம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், டவுனில் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பந்தல்குடிக்குப் பஸ் ஏறினேன். அவருடைய அண்ணன் வீட்டில் விஷயம் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போக என்னால் முடியாது.

டயர் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. சாலையோரம் தேய்ந்த டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கடைக்கு மேலேயே வீடு. சாயங்காலம் ஐந்தரை மணி. கல்லாவில் கதிரேசனின் மதினி உட்கார்ந்திருந்தார்.

"கதிரேசனோட படிச்சவ மதினி. பரளச்சி. இப்ப அமெரிக்காவுல இருக்கேன்."

அவர் முகம் மாறியது. "அங்கயிருந்தா வாரீக?"

"ஆமா. அவரு போன் எடுக்க மாட்டேங்கிறாரு. ஏதாச்சும் தகவல் தெரியுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு…"

மதினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எந்திரிச்சிருவாக. அவுகளுக்கு இப்பத்தான விடியுது."

"ஆமா, அங்க இப்ப காலை ஏழு மணிதான்" என்றேன்.

மதினி எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "வாங்க. மாடியிலதான் இருக்காக."

எனக்குப் புரியவில்லை. புரியாமலேயே அவர் பின்னால் படியேறினேன்.

மாடியில் ஒரே அறை. கதவின் அடியில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. மதினி தட்டிவிட்டுத் திறந்தார். உள்ளேயிருந்து குளிர் என் காலில் வந்து விழுந்தது. ஏசியை அவ்வளவு இறக்கி வைத்திருந்தார்கள். சன்னல்களில் கறுப்புத் துணி. மேசை மேல் பெரிய கம்ப்யூட்டர் திரை, அதில் ஒரு தெரு. முடிதிருத்தும் கடை, வங்கி, விளக்குக் கம்பம். தெருவில் பனி பெய்துகொண்டிருந்தது. படம் இல்லை, அந்த நேரத்தில் அங்கே பெய்கிற பனி. ஒரு பெண் குடையோடு நடந்து போனாள். வெளியே ரோட்டில் ஒரு லோடு லாரி போக, திரை லேசாக அதிர்ந்தது.

கதிரேசன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து அவர் அதிர்ச்சியடையவில்லை.

"நீ சனிக்கிழமை அங்க வாரேன்னுதான சொன்ன?" என்றார்.

5

மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். கதிரேசன் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"ஆறு வருஷம்."

அப்பா இறந்ததற்கு வந்தவர். பத்து நாளில் திரும்புவதாகக் காரை விமான நிலைய வளாகத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போக விசா முத்திரைக்குப் போனபோது ஏதோ ஒரு காகிதம் சரியில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுத்துவிட்டார்கள். வேலை போனது. வீட்டில் பாத்திரம், படுக்கை, ஃபிரிட்ஜில் பால், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. யார் எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. இப்போது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில் வேலையை இந்த அறையிலிருந்தே செய்கிறார். வேலை அந்த ஊர் நேரத்துக்கு. தூக்கமும் அந்த ஊர் நேரத்துக்கு.

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"லீவுக்கு வந்திருக்கேன்னு சொன்னோம். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் யாரும் கேக்கல. நான் கீழ இறங்குறது கொறைவு."

"அப்ப என்னத்துக்கு அந்த ஆளுக்கு அவ்வளவு வக்காலத்து? உங்களையே வெளிய நிறுத்துன சட்டம்தான அது?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாகிக்கொண்டிருந்த தெருவில் ஒரு வண்டி மெதுவாக ஊர்ந்தது.

"உள்ள இருக்கிறவன்தான் ராணி கதவச் சாத்தச் சொல்லுவான். வெளிய நிக்கிறவன் எவனாச்சும் சாத்துன்னு சொல்லுவானா? நான் சாத்துன்னு எழுத எழுத, எல்லாரும் என்னைய உள்ள இருக்கிறவன்னு நெனச்சாக. எனக்கே அப்படித்தான் இருந்துச்சு."

நான் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒம் மகளைப் பத்தி எழுதுனது தப்பு. கை தானா எழுதிருச்சு" என்றார். பிறகு, "குழுவுல சொல்லிருவியா?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன்."

அவர் ரொட்டியைக் கடித்தார். "அங்க இன்னிக்கு ஆறு அங்குலம் பெய்யும்" என்றார்.

நான் எழுதிக் கொடுத்ததை அவரிடம் சொல்லவில்லை. படியிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? அங்கே இல்லாத ஆளைத்தானே காட்டிக் கொடுத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. மதினியிடம் சிரித்துக்கொண்டே விடைபெற்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கி, சில்லறையைப் பையில் போட்டபோதுதான் தோன்றியது. கதிரேசன் அங்கே இல்லை. ஆனால் முகவரி அங்கே இருக்கிறது. ஆறு வருஷமாக அந்த வீடு பூட்டியா கிடக்கும்?

பஸ் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

6

திரும்பி வந்த இரண்டாவது சனிக்கிழமை யாழினியைக் கார் ஓட்டச் சொல்லி நியூ ஜெர்சிக்குப் போனேன். கூடப் படித்தவர் ஒருவர் இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இரண்டரை மணி நேரப் பயணம். ஊருக்குள் நுழைந்ததும் முடிதிருத்தும் கடை, வங்கி, விளக்குக் கம்பம் வரிசையாக வந்தன. கம்பத்தின் மேல் ஒரு கேமரா இருந்தது. பந்தல்குடியில் ஒருவர் இப்போது எங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். யாழினியிடம், "வேகமா போ" என்றேன்.

பழைய செங்கல் கட்டடம். இரண்டாவது மாடியில் நீண்ட நடை. நான் நீளமான கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தேன், கையில் ஒரு கோப்பு. அருப்புக்கோட்டையில் வாங்கிய ஆவணக் கோப்பு, வழி எழுதிய தாள் அதில்தான் இருந்தது. நடையில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் விளையாட்டை நிறுத்தினார்கள். ஒரு கை வந்து அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. நாங்கள் நடக்க நடக்க முன்னால் இருந்த கதவுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் மூடிக்கொண்டன. எங்கோ ஓடிக்கொண்டிருந்த டிவியும் நின்றது. நாற்பது கதவு இருக்கிற கட்டடத்தில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, நம்மை யாரென்று நினைக்கிறார்கள்?" என்று யாழினி மெல்லக் கேட்டாள்.

வீட்டு எண்ணைப் பார்த்துத் தட்டினேன். வெகுநேரம் கழித்துச் சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. முப்பது வயதுப் பெண். கதிரேசன் பெயரைச் சொல்லி, முன்பு இங்கே இருந்தவர் என்றேன். பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் பின்வாங்கினாள். ஸ்பானிஷில் வேகமாக ஏதோ சொன்னாள். யாழினி பதில் பேசி அவளை அமைதிப்படுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஜனவரியில் ஒரு காலையில் அதிகாரிகள் வந்தார்களாம். இதே பெயரைத்தான் கேட்டார்களாம். அப்படி யாரும் இல்லை, நாங்கள் நாலு வருஷமாக இங்கே இருக்கிறோம் என்றிருக்கிறார்கள். அப்போது இவருடைய கணவரைப் பார்த்து, 'சரி, உன் பெயர் என்ன?' என்று கேட்டார்களாம். அவர் இன்னும் வீடு திரும்பவில்லையாம். அந்தப் பெயரை இங்கே அனுப்பியது யார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார்."

"கூடப் படித்தவர், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டு நான் திரும்பியிருக்கலாம். பாதி வாய் திறந்தும்விட்டேன். அந்தக் கதவிடுக்கில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை நின்றது.

"நான்தான்னு சொல்லு" என்றேன்.

யாழினி என்னைப் பார்த்தாள். தமிழ் புரியவில்லையோ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு முதலிலேயே புரிந்திருந்தது.  பெற்ற தாயைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை இன்னொரு மொழியில் கட்டுவதற்கு அவளுக்கு நேரம் எடுத்தது. கட்டினாள். அதில் "மமா" என்ற ஒரே சொல்தான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. கதவைச் சாத்தினாள். சங்கிலி விலகும் சத்தம் கேட்டது. திரும்பத் திறந்தபோது அவள் கையில் ஒரு பேனாவும் காகிதமும் இருந்தன. அவளுடைய வக்கீல் என்னோடு பேச வேண்டும் என்றாள். என் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதினேன். அவள் பெயர் மரியேலா. அவள் கணவர் கூரை வேலை செய்கிறவர்.

திரும்பும் வழி முழுக்க யாழினி பார்வையை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வாரம் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கோபமா என்று கேட்டதற்கு, "உன்னைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா" என்றாள். தமிழில் சொன்னாள்.

7

வக்கீலுக்கு எழுத்து வாக்குமூலம் கொடுத்தேன். தனிப்பட்ட பகையில், சரிபார்க்காமல் கொடுத்த தகவல் என்று கையெழுத்துப் போட்டேன். அதனால் வழக்கில் பெரிய மாற்றம் வராது, ஆனால் இல்லாததற்கு இருப்பது நல்லது என்று வக்கீல் சொன்னார். மரியேலாவின் கணவர் மாநிலத்துக்கு வெளியே ஒரு தடுப்பு மையத்தில் இருக்கிறார். விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. சனிக்கிழமைகளில் போய், மரியேலா வேலைக்குப் போகும் நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் அனுமதிக்கிறாள். மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கடைசியாகக் கதிரேசனிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போன வாரம், இங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தார். படிவம் எழுதியதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் பெயரைக் கேட்டு வந்தவர்கள் இன்னொருவரைக் கொண்டு போய்விட்டார்கள் என்றேன். குழந்தைக்கு மூன்று வயது என்றேன். திட்டுவார், அழுவார், போனை வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கீழே ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ அந்த வீட்டுக்குள்ள போனியா?" என்று கேட்டார்.

"போனேன். வாரா வாரம் போறேன்."

"சமையல்கட்டு சன்னல் இன்னமும் சரியாச் சாத்த மாட்டேங்குதா ராணி? பனி உள்ள வருமே."

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.